விசிறித் தகட்டுக்குப் பின்னால்

அத்தியாயம் 11

கோழியைச் சுட்டது இசக்கித்துரை. மாட்டிக்கொண்டது சண்முகப்ரியா.

போன ஞாயிற்றுக்கிழமை, தாய்மாமன் என்ற உரிமையில் அடுப்படிக்குள் நுழைந்து, "ஒரே ஒரு கோழிதான் மக்கா, மாமன் செஞ்சு காட்டுதேன் பாரு" என்று அவளுடைய ஓவனுக்குள் முழுக்கோழியை மசாலா தடவி ஏற்றினானே, கொழுப்பு உருகிச் சிதறி வீடெல்லாம் புகை மண்டியதே, அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோழி நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அது கேக் சுடும் ஓவன். இரண்டு வருடமாகச் சங்கரன்கோவிலில் பிறந்தநாள், காதுகுத்து என்று சண்முகப்ரியா சுட்டுக் கொடுக்கும் கேக்குகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. திங்களும் செவ்வாயும் உட்கார்ந்து தேய்த்தாள். சுவர் பளபளத்தது. கண்ணாடிக் கதவில் முகம் தெரிந்தது. தீர்ந்தது சனியன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மாதிரிக் கேக் வெளியே வந்தது. நல்ல பொன்னிறம். ப்ரியா ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். பிறகு அம்மாவிடம் ஒரு துண்டை நீட்டினாள்.

மாரித்தாய் மென்று முடிப்பதற்குள் முகம் கோணியது.

"கோழி" என்றாள்.

வாசல் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ப்ரியாவின் அப்பா மகாராஜன் காதில் அது விழுந்தது. தலையைத் தூக்கவில்லை. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. கத்தாரிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. நட்சத்திர ஹோட்டலில் மேனேஜராக இருந்தவர் என்று தெருவே மரியாதை கொடுத்தது. மளிகைக் கடையில் கூட அவர் பெயரைச் சொல்வதில்லை, "மேனேஜர் அண்ணாச்சி வீட்டுக்கு" என்றுதான் சாமான் கட்டுவார்கள். அவர் இந்த இரண்டு வருடத்தில் அடுப்படிப் பக்கம் போனதே இல்லை.

"சாயங்காலம் நாலு மணிக்கு வாராங்கம்மா" என்று ப்ரியாவின் குரல் உடைந்தது. "இன்னொரு கேக் சுட்டாலும் இதே வாடைதான அடிக்கும்?"

வரப்போகிறவர்கள் ஹார்டுவேர்ஸ் கடை ஞானஒளிவும் அவர் மனைவி தங்கபாயும். அடுத்த மாதம் அவர்கள் மகள் ஜெனிபாவுக்குக் கல்யாணம். மூன்று அடுக்குக் கேக்கும், வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டும் வேண்டும். தங்கபாய் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மூத்த மகன் கல்யாணத்தில் வெட்டிய கேக்கில் கருவாட்டு வாசம் அடித்தது என்று சம்பந்தி வீட்டார் இன்றைக்கு வரைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்களாம். அதனால் இந்த முறை கேக் சுடும் இடத்தை நேரில் பார்க்காமல் ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு வீடு பார்த்து, இரண்டையும் வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

இந்த ஆர்டர் கிடைத்தால் ப்ரியா இதையே தொழிலாக நடத்தலாம். கிடைக்காவிட்டால் ஜவுளிக்கடையில் பில் போடப் போக வேண்டும். அப்படித்தான் வீட்டில் பேசி முடிவாகியிருந்தது.

"அழாதட்டி. அம்மா ஒரு வழி பண்ணுதேன்" என்று மாரித்தாய் குளியலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் தரை கழுவும் ஆசிட் பாட்டில்.

மகாராஜன் பேப்பருக்கு மேலாக அதைப் பார்த்தார். அடுத்த நொடி பேப்பர் தரையில் கிடந்தது.

"வைட்டி அதைக் கீழே!"

அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மாரித்தாய் பாட்டிலைப் பிடித்தபடியே நின்றாள்.

"அதை உள்ள ஊத்துனா தகடு அரிச்சுப் போகும். சூடேறினா அந்த ஆவி கேக்குல இறங்கும். தின்னவன் ஆஸ்பத்திரிக்குத்தான் போவான்."

"பின்ன என்ன செய்யச் சொல்லுதீய? இத்தனை நாளும் பேப்பர் படிச்சீய, இன்னைக்கும் அதையே படிங்க."

மகாராஜன் தரையில் கிடந்த பேப்பரைத் தாண்டி வந்தார். ஓவன் முன்னால் போய் நின்றார். கதவைத் திறந்தார். உள்ளே தலையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார்.

அந்த ஒரு மூச்சில் பதினேழு வருடம் திரும்ப வந்தது.

ஏஜெண்ட் சொல்லி அனுப்பியது சூப்பர்வைசர் வேலை. போய் இறங்கிய மறுநாள் கையில் கொடுத்தது ரப்பர் கையுறையும் சுரண்டும் தகடும். ஊருக்குப் போன் போட்டபோது வெட்கத்தில் சூப்பர்வைசர் என்றே சொன்னார். அதற்குப் பிறகு தெருவே அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து மேனேஜர் ஆக்கியது. மறுத்துச் சொல்ல ஒவ்வொரு விடுமுறையிலும் நினைத்தார். ஒவ்வொரு விடுமுறையிலும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறிப் போனார்.

அவர் தலையை வெளியே எடுத்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"ப்ரியா, ப்ளக்கைப் பிடுங்கு. உங்கம்மாட்ட ஆப்ப சோடா இருக்கான்னு கேளு. ஒரு டப்பா முழுக்க வேணும். வினிகர் உன்கிட்ட இருக்கும். ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் எடு."

"அப்பா, உங்களுக்கு இதெல்லாம்..."

"எடு மக்கா. நேரம் இல்லை."

வேட்டியை மாற்றி, பனியனும் லுங்கியுமாக அவர் தரையில் உட்கார்ந்தார். கம்பித் தட்டுகளை உருவி, பெரிய பேசினில் கொதிக்கும் தண்ணீரும் சலவைச் சோடாவும் போட்டு ஊறவைத்தார். ப்ரியா கேக் டின்னையும் அதில் போடப் போனாள்.

"அலுமினியத்தை அதுல போடாத. கறுத்துப்போகும். அதுக்குச் சோப்புத் தண்ணி போதும்."

ஆப்ப சோடாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, இட்லி மாவை விடக் கெட்டியாகக் குழைத்தார். மேல்கூரை, பக்கச் சுவர், தரை என்று கையாலேயே பூசினார். சூடேறும் கம்பிகளுக்கு ஈரத்துணியைச் சுற்றி, அதில் ஒரு பொட்டு கூடப் படாமல் பார்த்துக்கொண்டார். கதவு ஓரத்து ரப்பரையும் தொடவில்லை.

"மூணு மணி நேரம் இது இப்படியே கிடக்கட்டும். அவசரப்பட்டுத் தேய்ச்சா கீறல்தான் விழும். கீறல் விழுந்தா அடுத்த தடவை அழுக்கு அங்கனதான் போய் உக்காரும்."

ப்ரியா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரை மணிக்கு வினிகரைத் தெளித்தார். வெள்ளைப் பூச்சு எல்லாம் நுரைத்துப் பொங்கியது. பழைய ப்ளாஸ்டிக் கார்டு ஒன்றால் வழித்தபோது பழுப்பும் கறுப்புமாக உரிந்து வந்தது. இரண்டு நாள் தேய்த்து, போய்விட்டது என்று ப்ரியா நம்பியிருந்த அழுக்கு!

"இவ்வளவா இருந்துச்சு?"

"இதுல வாடை இல்லை மக்கா. வாடை இருக்கிற இடம் வேற." பின்சுவரில் ஓட்டை ஓட்டையாக இருந்த தகட்டைத் தட்டிக் காட்டினார். "இதுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"ஃபேன்."

"அதுதான் உள்ள இருக்கிற காத்தைச் சுத்தி விடுது. கோழிக் கொழுப்பு முதல்ல போனது அங்கனதான். நீ சுவரை எத்தனை தேய்ச்சாலும், சூடேறினதும் அது இளகி, உன் கேக் மேல ஊதிக்கிட்டே இருக்கும்."

நான்கு திருகாணி. மூன்று சுலபமாக வந்தன. நான்காவது எண்ணெய்ப் பிசுக்கில் இறுகிக் கிடந்தது. சுடுதண்ணீரில் நனைத்த துணியை அதன் மேல் அழுத்திப் பிடித்து, காத்திருந்து, மறுபடி திருகினார். தகடு கையோடு வந்தது.

ப்ரியா மூக்கைப் பொத்தினாள். விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பாக ஒன்று உறைந்து ஒட்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டது. இசக்கித்துரை மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"அக்கா, அவங்க இப்பவே வாராங்க! டீச்சருக்கு நாலு மணிக்குச் சர்ச்சுல மீட்டிங்காம். கார் தெருமுனைக்கு வந்தாச்சு." பேசிக்கொண்டே அடுப்படியை எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றான். "அத்தான்! என்ன கோலம் இது?"

மகாராஜனின் கைகள் முழங்கை வரை கறுத்திருந்தன. பனியனில் சோடா வழிந்திருந்தது.

"எந்திரிங்க அத்தான். பின்வாசல் வழியாப் போய்க் குளிச்சிட்டு, சட்டையைப் போட்டு முன்னால வாங்க. மேனேஜர் இப்படி உக்காந்திருந்தா அவங்க என்ன நெனப்பாங்க?"

"விசிறி பாதியில நிக்குலே."

"நிக்கட்டும்! கதவைச் சாத்திட்டு, கரண்ட் இல்லைன்னு சொல்லிருவோம்."

மகாராஜன் எழுந்திருக்க ஒரு காலை ஊன்றினார். இத்தனை வருடம் மறைத்த பழக்கம் அது. அந்தக் கால் தானாகவே பின்வாசல் பக்கம் திரும்பியது. அப்போது ப்ரியாவைப் பார்த்தார். அவள் கையில் அவிழ்த்த திருகாணிகளைப் பொத்தி வைத்துக்கொண்டு, அவர் அடுத்து என்ன சொல்வார் என்று காத்திருந்தாள்.

அவர் மறுபடி உட்கார்ந்தார். ஈரத்துணியைப் பிழிந்து, மோட்டாருக்குள் ஒரு சொட்டும் இறங்காதபடி முதல் இறக்கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

தங்கபாய் டீச்சர் வாசல் அறையில் போட்டிருந்த நாற்காலியைப் பார்க்கவே இல்லை. நேராக அடுப்படிக்கு வந்தார். பின்னாலேயே ஞானஒளிவு.

"இது யாரு, மெக்கானிக்கா?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர், கம்பெனி ஆளு" என்று இசக்கித்துரை முந்திக்கொண்டான்.

மகாராஜன் தலையைக் குனிந்தபடி இருந்தார்.

"இல்லை டீச்சர்" என்றாள் ப்ரியா. "எங்க அப்பா."

ஞானஒளிவு முன்னால் வந்து குனிந்து பார்த்தார். "அட, மேனேஜர் அண்ணாச்சி! நீங்க எதுக்கு இந்த வேலையெல்லாம் பாத்துக்கிட்டு?"

மகாராஜன் துணியைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். கையைத் துடைத்துக்கொள்ளக் கூட இல்லை.

"அண்ணாச்சி, நான் மேனேஜர் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. கத்தார்ல பதினேழு வருஷமும் எனக்கு இதுதான் வேலை. எட்டு ஓவன். ஒவ்வொண்ணும் பீரோ உயரம். சமையல்காரங்க போனதும் நான் உள்ள போவேன். ஒரு ஓவன்ல வாடை இருக்குன்னு ஒருத்தர் சொன்னா எனக்கு அன்னைக்கு வேலை போயிரும். பதினேழு வருஷத்துல ஒருத்தரும் சொன்னதில்லை."

கடைசி வாக்கியம் அவரே எதிர்பாராமல் நிமிர்ந்து வந்தது. அதைச் சொல்லும்போது அவருக்குக் கூச்சமாக இல்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

இசக்கித்துரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

மாரித்தாய்தான் முதலில் பேசினாள். மெல்லப் பேசவில்லை.

"பதினேழு வருஷமும் ஏசி ரூம்ல உக்காந்திருக்கேன்னு என்கிட்ட சொன்னீய. அதைக் கூட விடுதேன். இந்தக் கையை வச்சிக்கிட்டா ரெண்டு வருஷமா பேப்பர் படிச்சீய? எம்பிள்ளை ஒவ்வொரு நாளும் இடுப்பொடிய இதைத் தேய்ச்சாளே, பாத்துக்கிட்டுத்தான இருந்தீய?"

"தப்புதான் மாரி."

"தப்புதான்னு சொன்னா ஆச்சா!" முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுத்த நிமிடமே சுடுதண்ணீர் கிண்ணத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆறிப்போகுது. சீக்கிரம் தொடைங்க."

தங்கபாய் டீச்சர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். அறுபத்தி மூன்று வயதில், பட்டுச் சேலையோடு, ஓவன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். தலையை உள்ளே விட்டார்.

"தங்கம்!" என்று ஞானஒளிவு பதறினார்.

டீச்சர் மேலே முகர்ந்தார், பக்கங்களை முகர்ந்தார், திறந்து கிடந்த விசிறிக் குழியில் நன்றாக மூக்கை வைத்து முகர்ந்தார். வெளியே வந்தபோது மூக்கு நுனியில் கொஞ்சம் சோடா ஒட்டியிருந்தது.

"இன்னும் ரெண்டு இறக்கை பாக்கி இருக்கு" என்றார்.

"ஆமா டீச்சர். பத்து நிமிஷம்."

"முந்தின ரெண்டு வீட்டுலயும் ஓவன் கண்ணாடியைத் தொடைச்சு வச்சு என்னை வரவேத்தாங்க. விசிறின்னு ஒண்ணு இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்." கணவர் பக்கம் திரும்பினார். "மீட்டிங்குக்கு நான் வரலைன்னு போன் பண்ணிச் சொல்லுங்க. ப்ரியா, உங்கப்பா மாட்டி முடிக்கட்டும். நீ மாவைக் கலக்கு. இதுலயே சுட்டு எனக்குத் தா. ஐசிங், பழம், முந்திரி ஒண்ணும் வேண்டாம். வெறும் வெண்ணெய்க் கேக். அதுலதான் எந்த வாடையும் ஒளிய முடியாது."

அதற்குப் பிறகு நடந்ததை அந்தத் தெரு ரொம்ப நாள் பேசியது. மகாராஜன் தகட்டை மாட்டி, நான்கு திருகாணிகளையும் இறுக்கினார். சன்னலைத் திறந்து வைத்து, இருநூறு டிகிரியில் அரை மணி நேரம் வெறும் ஓவனை ஓடவிட்டார். முதலில் லேசாகச் சோடா நெடி வந்தது. பிறகு அதுவும் போனது. போன ஞாயிற்றுக்கிழமை புகை மண்டிய அந்த அடுப்படியில் இப்போது சூடான இரும்பைத் தவிர எந்த வாசமும் இல்லை.

ப்ரியா டின்னை உள்ளே வைத்தாள்.

"கதவை மெதுவாச் சாத்து" என்றார் அப்பா. "இனி அது பாத்துக்கும்."

இருபது நிமிடத்தில் வெண்ணெய் வாசம் அடுப்படியைத் தாண்டியது. அரை மணியில் வாசல் அறைக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பாஜிலா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா, இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டாள். இசக்கித்துரை கூடத் தன்னை மறந்து ஒரு முறை ஆழமாக மூச்சு இழுத்தான்.

கேக் ஆறும் வரை டீச்சர் பொறுக்கவில்லை. சூடாகவே ஒரு துண்டு வெட்டச் சொன்னார். வாயில் போட்டுக் கண்ணை மூடினார். மென்றார். விழுங்கினார். அதற்குப் பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"டீச்சர்?" என்றாள் ப்ரியா.

"சும்மா இரு. கடைசியில ஏதாச்சும் வருதான்னு பாக்கேன்." சிறிது நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். "ஒண்ணும் வரலை. வெண்ணெய் மட்டும்தான் இருக்கு. மூணு அடுக்கையும் நீதான் சுடுத. வாரவங்களுக்குத் துண்டுக் கேக்கும் நீதான். எங்க சம்பந்திக்கு முதல் துண்டை நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போறேன்."

ப்ரியா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு அப்பாவிடம் போனாள். அவர் கையெல்லாம் அழுக்கு என்று பின்வாங்கினார். அவள் கேட்கவில்லை.

ஞானஒளிவு புறப்படும்போது மகாராஜனின் அந்தக் கையையே பிடித்துக் குலுக்கினார். "அண்ணாச்சி, எங்க வீட்டுலயும் ஒரு ஓவன் இருக்கு. நாலு வருஷமா அதைத் திறக்கவே எங்களுக்குப் பயம். ஒரு நாள் வந்து பாக்கணும்."

"வாரேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் ஒண்ணு பண்ணுங்க. ஒவ்வொரு தடவையும் சுட்டு முடிச்சு, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும், ஈரத்துணியால ஒரு தொடை. அஞ்சு நிமிஷம். அவ்வளவுதான்."

கார் போன பிறகு மாரித்தாய் எல்லோருக்கும் காப்பி போட்டாள். மகாராஜனுக்கு மட்டும் பெரிய டம்ளரில் வந்தது. கோபம் தீர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் டம்ளர் பெரிதுதான். அவர் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து குடித்தார். நாற்காலி வேண்டும் என்று தோன்றவில்லை.

இசக்கித்துரை காப்பியைத் தொடவில்லை.

"என்னலே? ஆர்டர் கிடைச்ச வீட்டுல துக்கம் கேட்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்க?" என்றார் மகாராஜன்.

"அத்தான்..." தொண்டையைச் செருமினான். "நம்ம ப்ரியாவுக்குச் சிவகிரியில ஒரு இடம் பாத்திருக்கேன். நல்ல குடும்பம். மாப்பிள்ளை பேரு பிரவின்ராஜ். நாளைக்குப் பொண்ணு பாக்க வாராங்க. உங்களுக்கெல்லாம் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம்னு இருந்தேன்."

"நாளைக்கா?" என்று மாரித்தாய் கரண்டியோடு திரும்பினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே!"

"என்கிட்டயும்தான்" என்றாள் ப்ரியா.

"சொல்ல வந்தது அதில்லைக்கா. பொண்ணோட அப்பா ஃபைவ் ஸ்டார் ஹோட்டல் மேனேஜர்னு சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிச்சேன். அவங்க அப்பா ஊரு முழுக்க அதைச் சொல்லிட்டாரு."

அவன் சொல்லி முடிக்கவும் அவனுடைய போன் அடிக்கவும் சரியாக இருந்தது. திரையைப் பார்த்தான். முகம் வெளிறியது.

"அவங்கதான். நான் எடுக்கலை. அப்புறமாப் பேசிக்கிடுவோம்."

மகாராஜன் டம்ளரைக் கீழே வைத்தார். கையை நீட்டினார்.

"குடு."

"அத்தான், வேண்டாம். நாளைக்கு வந்து பாத்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் பக்குவமாச் சொல்லிக்கிடலாம்."

"பதினேழு வருஷம் பக்குவம் பாத்தாச்சு. குடுலே."

அவர் மகளைப் பார்த்தார். ப்ரியா லேசாகத் தலையசைத்தாள். போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"வணக்கம். நான் மகாராஜன் பேசுதேன். சண்முகப்ரியாவோட அப்பா. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

மாப்பிள்ளையின் அப்பா குரலை எதிர்பார்த்திருந்தவர் காதில் இளைஞன் ஒருவனின் தயங்கிய குரல் விழுந்தது.

"மாமா, நான் பிரவின்ராஜ். அப்பாவுக்குத் தெரியாம அவங்க போன்ல இருந்து பேசுதேன். நீங்க சொல்லதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிருதேன். அதைக் கேட்டுட்டு, நாங்க நாளைக்கு வரணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."